ஏர்பிரஷ் டாட்டூ கடை: புதுசா ஆரம்பிக்கிறவங்க முதல்ல எதுல காசு போடணும்? (சுங்கை சிப்புட், மலேசியா)

புதுக்கை_சிப்புட்:
எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிச் சந்தையிலயும் தமிழ்ப்பள்ளி கேன்டீன் டேயிலயும் (பள்ளிக்கூட விற்பனை நாள்) ஏர்பிரஷ் டாட்டூ கடை போடலாம்னு இருக்கேன், அதாவது காற்றால மையைத் தோல்ல தெளிச்சுப் போடுற தற்காலிக டாட்டூ. ஆன்லைன்ல ஒரு செட் பார்த்து வச்சிருக்கேன். சார்ஜ் ஏத்துற குட்டி கம்ப்ரஸர் (காற்றை அழுத்தித் தர்ற மெஷின்) கன்னுக்கு (மை தெளிக்கிற கருவி) அடியிலயே ஒட்டியிருக்கு. 0.3 மிமீ நாசில் (மை வெளிய வர்ற முனை), 12 கலர் அக்ரிலிக் பெயின்ட் ("நச்சு இல்லாதது"ன்னு போட்டிருக்கு), 100 ஸ்டென்சில் (படம் வெட்டின தாள்). கையில 900 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. இந்த செட் போதுமா, தனித்தனியா வாங்கணுமா? கன் எந்த பிராண்ட் நல்லது?

குழல்காற்று:
அந்த செட்டை விடுங்க தம்பி. கன் பிராண்ட் கடைசிக் கேள்வி. முதல்ல மை, அடுத்தது காற்று, அப்புறம்தான் கன். நல்ல மையும் காய்ந்த காற்றும் இருந்தா சுமாரான கன்கூட வேலை செய்யும். மை தப்பா இருந்தா எந்தக் கன்னும் காப்பாத்தாது.

"நச்சு இல்லாதது"ன்னு அக்ரிலிக் பாட்டில்ல போட்டிருக்கிறது தாளுக்கும் துணிக்கும் பொம்மைக்கும் சொன்ன வார்த்தை. தோல்ல பூசி மூணு நாள் வச்சுக்க அது அனுமதி இல்ல. டெக்ஸ்டைல் மை, காடிக்கு (காருக்கு) அடிக்கிற பெயின்ட், மாடல் பெயின்ட் எல்லாம் அதே கணக்குதான். பாட்டில்ல அழகுசாதனப் பொருள்னு இருக்கணும், உட்பொருள் பட்டியல் இருக்கணும்.

மலேசியாவுல விற்கிற அழகுசாதனப் பொருள் எதுவா இருந்தாலும் என்பிஆர்ஏகிட்ட (தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு) அறிவிக்கை செஞ்சிருக்கணும். 1984 மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் அப்படித்தான் சொல்லுது. அந்த எண் "என்ஓடி"ன்னு மூணு எழுத்துல ஆரம்பிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி எண்ணைக் கேட்டு வாங்கி, என்பிஆர்ஏ இணையதளத்துல போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. எண் இருக்குன்னா அரசாங்கம் சோதிச்சுப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததுன்னு அர்த்தம் இல்ல. விற்கிறவர் யாரு, உள்ளே என்ன இருக்குன்னு பதிவுல இருக்கு, அவ்வளவுதான். ஆனா எண்ணே சொல்லத் தெரியாத கடையில தோலுக்குப் பூசுற சாமான் வாங்காதீங்க.

மைக்காரி:
குழல்காற்று அண்ணே சொன்னது சரி. மையிலயே ரெண்டு ஜாதி இருக்கு, அதையும் பிரிச்சுச் சொல்லணும்.

ஆல்கஹால் மை: அடிச்ச சில விநாடியில காயும், தண்ணிக்கு அசையாது, நல்லா தயார் பண்ணின தோல்ல 3 முதல் 7 நாள் நிக்கும். தண்ணி மை: சோப்பு போட்டா அன்னிக்கே போயிடும், வேர்வைக்குக் கலையும். தீபாவளிச் சந்தைக்கு முதல் ஜாதி. கேன்டீன் டேக்கு நான் தண்ணி மையைத்தான் சொல்வேன். திங்கட்கிழமை கையில டாட்டூவோட பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு கட்டொழுங்கு ஆசிரியர்கிட்ட பதில் சொல்ல வேண்டி வரும், அந்தக் கோபம் உங்க கடை மேலதான் திரும்பும்.

12 கலர் வேண்டாம். நம்ம மாநிறத் தோல்ல ஒளி ஊடுருவுற மஞ்சளும் இளநீலமும் அடிச்சது தெரியாது. கறுப்பு, ஒளி ஊடுருவாத வெள்ளை, சிவப்பு, அடர்நீலம், தங்கம், இந்த அஞ்சு போதும். மஞ்சளோ ரோஸோ கேட்டா முதல்ல வெள்ளையை மெல்லிசா அடிச்சு, ஸ்டென்சிலை அசைக்காம அதுக்கு மேல கலர் அடிங்க.

வெள்ளை மையில டைட்டானியம் டை ஆக்சைடுங்கிற வெள்ளைத் தூள் அடியில கெட்டியா படிஞ்சிருக்கும். பாட்டிலுக்குள்ள ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குண்டு போட்டு ஒரு நிமிஷம் குலுக்கணும். குலுக்காம ஊத்தினா முதல்ல கஞ்சித் தண்ணி வரும், கடைசியில களி வரும். தங்க மையில மைக்கா துகள் பெருசு, 0.3 நாசில்ல மாட்டிக்கும். அதுக்கு 0.5 வேணும்.

அளவு: உள்ளங்கை அகலப் படத்துக்கு அரை மில்லி மை. 30 மில்லி பாட்டில் கணக்குப்படி 60 படம். கப்ல மிஞ்சுறது, கழுவுறதுல போறதெல்லாம் சேர்த்தா 40தான் கையில வரும். கறுப்பு மட்டும் ரெண்டு பாட்டில் வாங்குங்க.

புதுக்கை_சிப்புட்:
நன்றி அக்கா. சார்ஜ் போடுற கம்ப்ரஸர் ஏன் வேண்டாம்? சந்தையில கரண்டு ஒரு தலைவலி, அதான் கேக்குறேன்.

குழல்காற்று:
அழுத்தத்தைத் துல்லியமா வைக்க முடியாது, காற்று துடிச்சுத் துடிச்சு வரும், கொஞ்ச நேரத்துல கையில சூடேறும். வீட்டுல பழக ஓடும். பத்துப் பேர் வரிசையில நிக்கிற கடைக்கு ஓடாது.

எண்ணெய் ஊத்தாத பிஸ்டன் கம்ப்ரஸர், 3 லிட்டர் டாங்கியோட வர்ற ஏஎஸ்-186 வகை பாருங்க. அழுத்தம் 3 பார்ல (பார்னா காற்றழுத்த அளவு) தானா ஓட ஆரம்பிக்கும், 4 பார்ல தானா நிக்கும். டாங்கி காற்றைச் சேர்த்து வைக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 4 பார்லேர்ந்து 3க்கு இறங்கும்போது 3 லிட்டர் டாங்கி தர்றது வெறும் 3 லிட்டர் காற்று, அது சில விநாடிக்குத்தான் காணும். டாங்கியோட வேலையே வேற. துடிப்பை அடக்கும், காற்றை ஆறவைச்சுத் தண்ணியைக் கீழே இறக்கும்.

அந்தத் தண்ணிதான் நம்ம ஊர் பிரச்சினை. வெளிநாட்டு வீடியோவுல யாரும் இதைப் பெருசா பேச மாட்டாங்க. கணக்கைப் பாருங்க. 30 டிகிரி வெயில், 80 சதவீதம் ஈரப்பதம்னு வச்சா ஒரு கன மீட்டர் காற்றுல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா கலந்திருக்கும். மீட்டர்ல 4 பார் காட்டும்போது காற்று அஞ்சுல ஒரு பங்கா சுருங்குது. அது பழையபடி 30 டிகிரிக்கு ஆறினா அதால சுமார் 6 கிராம்தான் பிடிச்சு வைக்க முடியும். மீதி 18 கிராம் தண்ணியாவே விழும். கன் நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்று இழுத்தா ஒரு மணி நேரத்துல 600 லிட்டர், அதுல 11 மில்லி தண்ணி. ரெண்டு டீஸ்பூன் ஊத்திப் பாருங்க, எவ்வளவுன்னு தெரியும்.

ஆல்கஹால் மையில தண்ணிச் சொட்டு விழுந்தா உள்ளே இருக்கிற பிசின் பால் திரிஞ்ச மாதிரி திரியும். நாசில் அடைப்புன்னு புலம்புறவங்க பாதிப் பேருக்கு வியாதி கம்ப்ரஸர்லதான் இருக்கு. அதனால ரெகுலேட்டர்ல (கம்ப்ரஸர்ல அழுத்தத்தை வைக்கிற திருகு) இருக்கிற தண்ணிப் பிடிப்பான் ஒண்ணு, கன் அடியில மாட்டுற குட்டிப் பிடிப்பான் இன்னொண்ணு. ரெண்டாவது ஏன்னா, கம்ப்ரஸர்லேர்ந்து சூடா வர்ற காற்றுல தண்ணி இன்னும் ஆவியா இருக்கும். முதல் பிடிப்பானைத் தாண்டி ஹோஸ்ல போகும்போதுதான் ஆறித் துளியாகும். ஹோஸ் 3 மீட்டர் இருந்தா நல்லது.

கரண்டு: இந்த வகை மோட்டார் 150 வாட் கிட்டத்தட்ட. கிளம்புற நொடியில அதுக்குப் பல மடங்கு இழுக்கும். அதனால பேட்டரிப் பெட்டி வாங்கினா 500 வாட்டுக்குக் குறையாம, சுத்தமான சைன் அலை (வீட்டுக் கரண்டு மாதிரி சீரான மின்சாரம்) தர்றதா பாருங்க. மலிவு இன்வர்ட்டர்ல மோட்டார் உறுமிக்கிட்டே சூடாகும். 110 வோல்ட் கம்ப்ரஸர் மலிவா கிடைக்குதுன்னு வாங்கிடாதீங்க, நம்ம பிளக்குல சொருகினா கருகிடும்.

பால்மரம்77:
கன் விஷயத்துக்கு நான் வர்றேன். மூணு சொல்லு தெரிஞ்சா போதும். டூயல் ஆக்‌ஷன்: ட்ரிகரை அமுக்கினா காற்று, பின்னால இழுத்தா மை. கிராவிட்டி: கப் மேலே. சைஃபன்: பாட்டில் கீழே தொங்கும்.

ஸ்டென்சில் வேலைக்கு 0.2 நாசில் வாங்கவே வாங்காதீங்க. அது முடிக்கோடு இழுக்கிறவங்களுக்கு. 0.35ல ஆரம்பிக்கலாம். இவாட்டா கம்பெனியோட நியோ சிஎன், எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் கன் ரெண்டும் 0.35தான். எக்லிப்ஸ்ல நாசில் திருகு இல்லாம சும்மா உள்ளே உக்காரும், கழுவ வசதி. பேட்ஜர் பேட்ரியட் 105 வாங்கினா 0.5, தங்க மைக்கும் ஆகும். ஆனா பேட்ஜரோட ஹோஸ் மரை வேற. மத்த கன் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பி மரை அளவு. அடாப்டர் சேர்த்து ஆர்டர் பண்ணலைன்னா கன் வந்து மேசையில சும்மா கிடக்கும்.

பெயரில்லாத சீனக் கன்ல நாசில் அரிசி முனை அளவு, நூல் மாதிரி மரை. சாவி போட்டு ஒரு கால் சுத்து கூட முறுக்கினா கழுத்தோட முறிஞ்சு உள்ளேயே தங்கிடும். அதை வாங்குறதா இருந்தா நாசில் ரெண்டு, நீடில் (நாசிலுக்குள்ள போற ஊசி) ரெண்டு ஸ்பேர் வாங்கிட்டுத்தான் கடை போடணும்.

மைக்காரி:
கிராவிட்டி மட்டும்னு சொல்லாதீங்க. கூட்டத்துல சைஃபன்தான் வேகம். அஞ்சு கலருக்கு அஞ்சு பாட்டில் ரெடியா வச்சு, கழட்டி மாட்டி, நடுவுல கன் கழுவ ஒரு பாட்டில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஓடவிட்டா வேலை முடிஞ்சது.

பால்மரம்77:
வேகம் சரி. ஆனா சைஃபன் மையை உறிஞ்சி ஏத்தணும், அதுக்கு அழுத்தம் கூட வேணும். அழுத்தம் கூடினா ஸ்டென்சில் ஓரத்துக்கு அடியில மை புகும். பாட்டில் அடியில எப்பவும் கொஞ்சம் உறிஞ்ச முடியாம நிக்கும். புதுக்கை ரெண்டு சாதா கிராவிட்டி கன் வாங்கட்டும். ஒண்ணு கறுப்புக்கு மட்டும், இன்னொண்ணு மத்த கலருக்கு. பத்துல ஏழு பேர் கறுப்புத்தான் கேப்பாங்க, கழுவுற வேலையே பாதியா குறையும்.

மைக்காரி:
எனக்கு சைஃபன்தான். அவரவர் கை.

ஸ்டென்சில்_தம்பி:
அந்த 100 ஸ்டென்சில் செட்டுல டிராகன், ரோஜா, ஆங்கில எழுத்து, அவ்வளவுதான் இருக்கும். நம்ம சந்தையில வேல், ஓம், மயில், பெயர், இதைத்தான் கேப்பாங்க. மைலார் தாள் (மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வாங்கி நீங்களே வெட்டுங்க. கைக்கும் காலுக்கும் 0.125 மிமீ, வளைஞ்சு ஒட்டும். 0.19 மிமீ முதுகு மாதிரி தட்டையான இடத்துக்கு. அதைக் கையில வச்சா ஓரம் தூக்கும்.

வேலுக்கு வெட்டுறது சுலபம், உள்ளே தீவு (சுத்தி வெட்டுப்பட்டுத் தனியா நிக்கிற துண்டு) கிடையாது. "ஓம்" வெட்டும்போதுதான் கவனம். சுழிக்குள்ள இருக்கிற வட்டம் பிடிமானம் இல்லாம கீழே விழுந்துடும். அதனால வட்டத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்க்க ஒரு பாலம் விடணும், 1.5லேர்ந்து 2 மிமீ அகலம். அதுக்குக் குறைஞ்சா பத்தாவது துடைப்புல கிழியும். அடிச்சு முடிச்சதும் பாலம் விட்ட இடம் வெறுமையா தெரியும். மெல்லிய தூரிகையில அதே மையைத் தொட்டு மூடிடலாம்.

தமிழ்ப் பெயர்னா புள்ளியைப் பாருங்க. புள்ளி 2 மிமீக்குக் குறைவா வெட்டினா ரெண்டு அடியில மை கட்டி ஓட்டை மூடிடும், மெய்யெழுத்து உயிர்மெய்யா மாறிடும். பெயருக்கு ஒட்டுற வினைல் நல்லது, ஒருத்தருக்கு ஒண்ணு, பிறகு தூக்கிப் போடலாம், ஓரமும் கத்தி மாதிரி வரும். வெட்டுறதுக்கு முன்னாடி பெயரை அவங்க கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்க. ண, ன மாறிப் போனா ஒரு வாரம் அது அவங்க கையில இருக்கும்.

புதுக்கை_சிப்புட்:
சரி, சாமான் புரிஞ்சது. அடிக்கிற முறை ஒருதடவை வரிசையா சொல்லுங்க. அழுத்தம் எவ்வளவு?

குழல்காற்று:
அழுத்தம் 18லேர்ந்து 25 பிஎஸ்ஐ. பார் கணக்குல 1.2லேர்ந்து 1.7. ட்ரிகரை அமுக்கிக் காற்று ஓடும்போது மீட்டர் காட்டுற எண்ணைத்தான் சொல்றேன். சும்மா இருக்கும்போது 25 வச்சா அமுக்கினதும் கீழே இறங்கும்.

தோல்: முடி அதிகமா இருந்தா ஆல்கஹால் மை பிடிக்காது, முடியோட தூக்கிக்கும். ஆனா அங்கேயே ஷேவ் பண்ணிட்டு உடனே ஆல்கஹால் துடைச்சா எரியும், முந்தின நாளே பண்ணிட்டு வரச் சொல்லுங்க. 70 சதவீத ஆல்கஹால் பஞ்சுல துடைச்சு, காயவிட்டு, இன்னொரு புதுப் பஞ்சுல மறுபடி துடைங்க. ரெண்டாவது பஞ்சு வெள்ளையா இருக்கிற வரைக்கும். தேங்காய் எண்ணெய் தடவின கை, லோஷன் போட்ட கை எல்லாம் மூணு பஞ்சு கேக்கும்.

ஸ்டென்சிலை வச்சு, நீங்க அடிக்கப் போற ஓரத்தைப் பக்கத்து விரலால அமுக்குங்க. கன் தோலுக்கு நேர் செங்குத்தா, 5லேர்ந்து 7 செமீ தூரத்துல. சாய்ச்சுப் பிடிச்சா மை ஓரத்துக்கு அடியில போகும். முதல்ல காற்று மட்டும், கை நகர ஆரம்பிச்ச பிறகு ட்ரிகரை மெதுவா இழுக்கணும், நிக்கிறதுக்கு முன்னாடி மையை மூடணும், காற்றைக் கடைசியா விடணும். முதல் அடி பனி விழுந்த மாதிரி, தோல் தெரியணும். காயவிட்டு ரெண்டாவது, மூணாவது. ஒரே அடியில கறுக்க வைக்கப் பார்த்தா மை நனைஞ்சு ஓடும்.

காய்ந்ததும் ஸ்டென்சிலை மேலே தூக்குங்க, இழுக்காதீங்க. மெல்லிசா பவுடர் போட்டு பிரஷ்ல தட்டி விடுங்க. பவுடர் இல்லாம மடக்கின கையில படம் மறு பக்கத்துல ஒட்டும். மேல்கை, கெண்டைக்கால், முதுகு நல்லா நிக்கும். மணிக்கட்டு மடிப்பும் முழங்கை உள்பக்கமும் ரெண்டு நாள் தாங்கினா பெருசு. முகத்துக்கு ஆல்கஹால் மை அடிக்காதீங்க.

புதுக்கை_சிப்புட்:
பழைய சீனக் கன் ஒண்ணை இரவல் வாங்கி தாள்ல அடிச்சுப் பார்த்தேன். கப்ல குமிழ் கொதிக்குது. சில சமயம் எட்டுக்கால் பூச்சி கால் மாதிரி மை சிதறுது. சில சமயம் துப்புது.

பால்மரம்77:
மூணும் மூணு வியாதி.

குமிழ்: காற்று தப்பான வழியில கப்புக்குள்ள திரும்புது. நாசில் சரியா உக்காரலை, இல்ல வாய் விரிஞ்சு கீறியிருக்கு, இல்ல முனை அடைச்சிருக்கு. முனையைக் கழுவிப் பாருங்க. நிக்கலைன்னா நாசிலைக் கழட்டி மரையில தேன்மெழுகு துளி தடவி, விரல் பலத்துக்கு மட்டும் இறுக்குங்க. டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, நாருநாரா பிஞ்சு நாசிலுக்குள்ளயே போய் அடைக்கும்.

எட்டுக்கால்: கிட்டத்துல பிடிச்சு மையை நிறைய இழுத்திருக்கீங்க, இல்ல அழுத்தம் கூட. காற்று ஈர மையை நாலா பக்கமும் தள்ளுது. தூரம் கூட்டுங்க, ட்ரிகரைக் குறைங்க.

துப்புறது: மை நீடில் நுனியில காய்ஞ்சிருக்கும். ஆல்கஹால் தொட்ட காது குச்சியால நுனியை நோக்கித் துடைச்சா போயிடும். போகலைன்னா நீடிலைப் பின்பக்கமா உருவி, விரல் நகத்து மேல வச்சு மெதுவா உருட்டிப் பாருங்க. நுனி வளைஞ்சிருந்தா நகத்துல கீறும், கொக்கி மாதிரி தெரியும். நேரா இருந்தும் துப்பினா குழல்காற்று அண்ணே சொன்ன தண்ணிதான்.

ஆல்கஹால் மை ஓடின கன்னை நடுவுல தண்ணி விட்டுக் கழுவாதீங்க. 99 சதவீத ஐசோபுரொபைல் தனியா வச்சுக்குங்க. 70 தோலுக்கு, 99 கன்னுக்கு.

மைக்காரி:
வாடிக்கையாளர் பத்தி ரெண்டு விஷயம்.

மலாய்க்கார வாடிக்கையாளர் தொழுகைக்கு முன்னாடி கை கழுவுற விஷயம் கேப்பாங்க. ஆல்கஹால் மை தோல் மேல தண்ணி புகாத படலமா நிக்கும். அதை மறைக்காம சொல்லிடுங்க. இனாய் (மருதாணி) தோலுக்குச் சாயம் ஏத்துறது, இது மேலே பூசுறது, ரெண்டும் ஒண்ணு இல்ல.

"கறுப்பு மருதாணி வச்சு விடுங்க"ன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லுங்க. மருதாணி இயல்பா செம்பழுப்புத்தான். அரைமணியில கறுக்குதுன்னா பெரும்பாலும் உள்ளே பிபிடி, அதாவது தலைமுடிச் சாயத்துல போடுற ரசாயனம். தோல் கொப்புளிச்சு, படம் போட்ட வடிவத்துலயே தழும்பு விழும். அதுக்கப்புறம் அவங்க வாழ்நாள் முழுக்க தலைக்கு டை அடிக்க முடியாத அளவுக்கு ஒவ்வாமை வரலாம். உங்க மை உட்பொருள் பட்டியல்லயும் அந்தப் பெயர் இருக்கான்னு பாருங்க.

காயம், புண், வேர்க்குரு இருக்கிற இடத்துல அடிக்காதீங்க. ஒவ்வாமை வந்த அனுபவம் இருக்குன்னு சொன்னவங்களுக்கு முழங்கை உள்பக்கம் ஒரு பொட்டு வச்சு, மறுநாள் வரச் சொல்லுங்க.

குழல்காற்று:
தீ. இதை யாரும் கேக்கலை. தீபாவளிச் சந்தையில பக்கத்துக் கடை முறுக்குக் கடையா இருக்கும், அடுப்பு எரியும். நீங்க காற்றுல தெளிக்கிறது ஆல்கஹால். இடம் ஒதுக்கும்போதே நகராண்மைக் கழகத்துல கேட்டு அடுப்புக் கடைக்குத் தள்ளி வாங்குங்க. கடையில சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம். ஆல்கஹால் ஆவி காற்றை விடக் கனம், தரையோட போகும், மேசைக்கு அடியில வச்ச கொசுவத்தி தெரியாமலே வேலையைக் காட்டும். மூணு பக்கம் திறந்த கூடாரம் எடுங்க. என்95 மாஸ்க் துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது.

புதுக்கை_சிப்புட்:
900 வெள்ளியை எப்படிப் பிரிக்க?

பால்மரம்77:
பத்துப் பங்கா வைங்க. டாங்கி கம்ப்ரஸருக்கு நாலு. மைக்கு ரெண்டு. ரெண்டு சாதா கன், ஸ்பேர் நாசில், நீடில் சேர்த்து ரெண்டு. மைலார், வினைல், கத்திக்கு ஒண்ணு. மீதி ஒரு பங்குல ரெண்டாவது தண்ணிப் பிடிப்பான், ரெண்டு ஜாதி ஆல்கஹால், பஞ்சு, பவுடர், மாஸ்க். இவாட்டா ஆசை இருந்தா முதல் சந்தைக் காசு வந்த பிறகு வாங்குங்க. கட்டர் மெஷினும் அப்படித்தான், அதுவரைக்கும் பிளேடு கத்தி போதும்.

ஸ்டென்சில்_தம்பி:
பிளேடு கத்தின்னா 30 டிகிரி கூர் நுனி உள்ளது. 45 டிகிரியில சுழி வெட்டினா மூலை கிழியும்.

புதுக்கை_சிப்புட்:
சரி அண்ணே. டாங்கித் தண்ணியை எப்ப இறக்கணும்?

குழல்காற்று:
கடை ஓடும்போது ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பிடிப்பான் அடியில இருக்கிற ஊசியை அமுக்கி வடிச்சிடுங்க. ராத்திரி மூட்டை கட்டும்போது பிளக்கைக் கழட்டிட்டு, அழுத்தம் 1 பாருக்கு இறங்கின பிறகு டாங்கி அடித் திருகைத் திறங்க. சீறிக்கிட்டே பழுப்புத் தண்ணி வரும், அடியில பழைய துணி வைங்க. திருகை மறுபடி மூடாம, திறந்த நிலையிலயே காடியில ஏத்துங்க. உள்ளே காயட்டும், இல்லன்னா டாங்கி உள்பக்கமா துருப்பிடிக்கும்.